நூலகச் சாவி யாரிடம்?

பாடநூலுக்கு வெளியே ஒரு பிள்ளை தன் விருப்பப்படி எடுத்துப் படிக்கவும் பார்க்கவும் கேட்கவும் வேண்டியவற்றை ஓரிடத்தில் சேர்த்து வைத்திருப்பது பள்ளி நூலகம். கதை, பாட்டு, அறிவியல், வாழ்க்கை வரலாறு, அகராதி, கலைக்களஞ்சியம், நிலப்பட ஏடு, உலக உருண்டை, நாளிதழ், சிறுவர் இதழ் ஆகியவை அங்கே இருக்க வேண்டியவை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் அட்டவணையில் ஒவ்வொரு பள்ளிக்கும் நூலகம் வேண்டும் என்கிறது. நாளிதழ், இதழ், எல்லாப் பாடங்களுக்கும் உரிய நூல் என்று அடுக்கும்போது கதைப் புத்தகத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. கதை படிப்பது நேரத்தை வீணாக்குவது என்று நினைக்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிற ஊரில், அந்த ஒரு சொல் சட்டத்தில் ஏறியது சிறிய காரியம் அல்ல.

தமிழ்நாட்டின் பல அரசுப் பள்ளிகளில் நூலகத்துக்கென்று தனி அறை கிடையாது. தலைமை ஆசிரியர் அறையின் மூலையில் நிற்கும் இரும்பு பீரோதான் நூலகம். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் சிலவற்றில் அறை உண்டு, நீள மேசை உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் நூலகத்துக்கென ஆண்டு மானியம் இருக்கிறது. பள்ளியின் வகையைப் பொறுத்து அது 5,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை போகும். ஐம்பது ரூபாய் விலையுள்ள மெல்லிய படக்கதைப் புத்தகங்களாக வாங்கினால் 5,000 ரூபாய்க்கு நூறு புத்தகம் வரும். ஒரு சிறிய தொடக்கப் பள்ளிக்கு அது நல்ல தொடக்கம். ஆகவே புத்தகம் வாங்கப் பணம் இல்லை என்பது எல்லாப் பள்ளிக்கும் பொருந்தும் விளக்கம் ஆகாது.

புத்தகங்களை வகைப்படுத்துவதில் முதல் அளவுகோல் பிள்ளையின் வாசிப்புத் திறன். 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்துக்காகப் பள்ளிக் கல்வித் துறை வெளியிட்ட சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டன. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குப் பக்கத்துக்கு ஓரிரு வரியும் பெரிய படமும் உள்ள நூல்; சரளமாகப் படிக்கும் பிள்ளைக்கு நீண்ட கதை. இந்தப் பிரிவில் வகுப்பு எண் இல்லை என்பதுதான் அதன் சிறப்பு. எட்டாம் வகுப்பில் இருந்துகொண்டு ‘நுழை’ நிலைப் புத்தகத்தை எடுக்கும் பிள்ளையை மூன்றாம் வகுப்புக்குப் போ என்று யாரும் கேலி செய்ய இடமில்லை. துறையே வெளியிடும் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ ஆகிய சிறுவர் இதழ்களும் பள்ளிகளுக்கு வருகின்றன.

அடுத்தது குறிப்பு நூல்கள். பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியமும், அதை அடுத்து வந்த பத்துத் தொகுதிக் குழந்தைகள் கலைக்களஞ்சியமும் பழைய பள்ளிகள் சிலவற்றில் இன்னும் இருக்கின்றன. அவற்றின் புள்ளிவிவரங்கள் பழசாகிவிட்டன. ஒரு பொருளைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் தமிழில் சொல்வது எப்படி என்பதற்கு இன்றும் அவை பாடம். அகராதியைப் பயன்படுத்தத் தனிப் பயிற்சி தேவை. ‘அக்கா’ முன்னால் வரும், ‘அகம்’ பின்னால் வரும். புள்ளி வைத்த எழுத்துக்கே அகராதியில் முந்துரிமை என்பது பல பெரியவர்களுக்கே தெரியாது. ஐந்து சொற்களைக் கரும்பலகையில் எழுதி, முதலில் தேடிக் கண்டுபிடிப்பவர் யார் என்று பார்க்கும் எளிய விளையாட்டை நான்கு அகராதிகளை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பு முழுவதும் நடத்தலாம்.

நூல்களை அடுக்கும் முறை பெரிய நூலகங்களில் எண்களால் ஆனது. 1876இல் வெளிவந்த டூயி தசமப் பகுப்பில் 500 அறிவியல், 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும். தமிழ் இலக்கியத்துக்கு 894.811. ஐந்நூறு புத்தகம் உள்ள பள்ளிக்கு இவ்வளவு தேவையில்லை. முதுகில் ஒட்டிய வண்ணத் தாளே போதும்: கதைக்கு மஞ்சள், அறிவியலுக்குப் பச்சை, வரலாற்றுக்குச் சிவப்பு. ஆறு வயதுப் பிள்ளைக்கு எண் தெரியாவிட்டாலும் நிறம் தெரியும். எடுத்ததை எடுத்த இடத்தில் அதுவே வைக்கும்.

வாரத்துக்கு ஒரு நூலகப் பாடவேளைதான் நூலகச் செயல்பாடுகளுக்கு அடிப்படை. அந்த நாற்பது நிமிடத்தைக் கணக்குப் பாடமோ தேர்வுத் திருப்புதலோ எடுத்துக்கொள்ளாமல் இருந்தால், அதற்குள் செய்யக் கூடியவை பல. முதலாவது, ஆசிரியர் உரக்க வாசித்துக் காட்டுவது. புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்து, படத்தைக் காட்டி, அடுத்து என்ன நடக்கும் என்று ஓரிடத்தில் நிறுத்திக் கேட்பது. தானே படிக்க முடியாத பிள்ளைக்கும் புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்பது இப்படித்தான் தெரியவருகிறது. வீட்டில் வாசித்துக் காட்ட ஆளில்லாத முதல் தலைமுறைப் பிள்ளைக்கு இந்த ஒரு செயலுக்கு ஈடான வேறு எதுவும் பள்ளியில் இல்லை. அடுத்தது கதை சொல்லல். இதற்குப் புத்தகமே வேண்டாம், ஊர்ப் பாட்டி ஒருவர் வந்து உட்கார்ந்தால் போதும். படித்த கதையை நாடகமாக்குவது, முடிவை மாற்றி எழுதுவது, பிடித்த பாத்திரத்துக்குக் கடிதம் எழுதுவது, சுவர் இதழ், கையெழுத்து இதழ், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நாளிதழ்ச் செய்தி வாசிப்பு எல்லாம் இந்த வரிசையில் வரும். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். அந்த நாட்களில் கண்காட்சி வைப்பதும் பேச்சுப் போட்டி நடத்துவதும் வழக்கம்.

கிழிந்த புத்தகத்தைப் பிள்ளைகளே சீர்செய்வது இவற்றில் அதிகம் பேசப்படாத செயல்பாடு. மைதா பசை, பழைய காலண்டர் அட்டை, மெல்லிய வெள்ளைத் துணி, ஊசி, நூல் ஆகியவை போதும். பூச்சி வராமல் இருக்க பைண்டிங் கடைகளில் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு என்பதால் பிள்ளைகள் கைபடும் பசையில் சேர்க்கக் கூடாது. தைத்து ஒட்டிய புத்தகத்தைப் பிள்ளைகள் எடுத்து வைக்கும் விதமே வேறாக இருக்கும். பத்து அறிவுரையால் வராத கவனம் அரை மணி நேரக் கைவேலையில் வந்துவிடும்.

இத்தனை வளமும் இத்தனை செயல்பாடும் பீரோ திறந்திருந்தால் மட்டுமே நடக்கும். பெரும்பாலான இடங்களில் அது திறந்திருப்பதில்லை. பள்ளி நூலகத்தைப் பற்றிப் பேசும்போது புத்தக எண்ணிக்கை, கட்டடம், கணினி என்று பேச்சு எங்கெங்கோ போகிறது. சாவியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வியோ அதுதான்.

பூட்டு எப்படி வந்தது என்பதை இருப்புப் பதிவேட்டிலிருந்து பார்க்க வேண்டும். பள்ளிக்கு வரும் ஒவ்வொரு நூலும் வரிசை எண், தலைப்பு, விலை ஆகியவற்றோடு அதில் ஏறுகிறது. பெரும்பாலான பள்ளிகளில் தனி நூலகர் இல்லை. தமிழாசிரியரோ உடற்கல்வி ஆசிரியரோ கூடுதலாக அந்தப் பொறுப்பைச் சுமக்கிறார். இடமாறுதல் வரும்போது பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையைப் புத்தகத்தோடு சரிபார்த்து அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். தணிக்கை வரும்போதும் அதே எண்ணிக்கை. ஒன்று குறைந்தால் விளக்கம் கேட்பார்கள், கைக்காசு போடவும் நேரலாம். புத்தகத்தைக் கொடுத்தவருக்கு இப்படிச் சிக்கல் வரக் கூடும். பூட்டி வைத்தவருக்கு ஒரு சிக்கலும் இல்லை. முந்நூறு பிள்ளைகள் ஓராண்டு முழுவதும் ஒரு புத்தகமும் தொடவில்லை என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை. இது ஆசிரியரின் குறை அல்ல. புத்தகத்தை நாற்காலி, மேசையோடு சேர்த்து எண்ணுகிற கணக்கு முறையின் குறை.

குறை புதிதும் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. லட்சுமணசாமி முதலியாரின் தலைமையில் 1952-53இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, நாட்டின் மிகப் பெரும்பாலான பள்ளிகளில் நூலகம் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை என்று எழுதியது. பழைய, பொருந்தாத நூல்கள்; பிள்ளைகளின் விருப்பத்தைக் கேட்காத தேர்வு; ஈர்ப்பில்லாத அறை; பகுதி நேரமாகப் பார்த்துக்கொள்ளும் ஓர் எழுத்தரோ ஆர்வமற்ற ஆசிரியரோ. எழுபது ஆண்டு கழித்து அந்தப் பத்தியைப் படிக்கும்போது அதில் மாற்ற வேண்டிய சொற்கள் குறைவாகவே இருப்பது வருத்தம் தருகிறது.

நூல் பயன்படுத்தவே என்பதைத் தன் முதல் விதியாக வைத்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் வெளிவந்த ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ நூலில் முதல் விதியை விளக்கும்போது, ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்ததை அவர் எடுத்துக்காட்டுகிறார். அங்கேயும் களவு போகும் என்ற பயம்தான் காரணம். ஆனால் சங்கிலி போட்ட புத்தகத்தையும் நின்றபடி படிக்க முடிந்தது. பூட்டிய பீரோவில் அதுவும் முடியாது.

இழப்பைக் கணக்கு விதிகளே ஏற்றுக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆம் விதி நூலகங்களைப் பற்றியது. ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட ஆயிரம் நூலுக்கு ஐந்து நூல் குறைந்தால் அதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம் என்கிறது அது. நேர்மையின்மையாலோ கவனக்குறைவாலோ நேர்ந்ததாக இருக்கக் கூடாது என்பதும், 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும் என்பதும் நிபந்தனைகள். முந்நூறு பிள்ளைகள் வாரம் ஒரு புத்தகம் வீதம் 36 வாரம் எடுத்தால் 10,800 முறை புத்தகம் கைமாறும். இந்த அளவுகோலின்படி 54 புத்தகம் வரை குறையலாம். இழப்பின் எல்லை இருப்பைப் பொறுத்தது அல்ல, புழக்கத்தைப் பொறுத்தது என்பதே இதன் நுட்பம். நிறையக் கொடுத்த பள்ளிக்கு நிறையச் சலுகை. கொடுக்காத பள்ளிக்கு ஒன்றும் இல்லை. இது மத்திய அரசு நிறுவனங்களுக்கான விதி. மாநில அரசுப் பள்ளிகளுக்கும் இதே அளவுகோலை எழுத்தில் ஓர் ஆணையாகக் கொடுத்து, அதைத் தணிக்கைக்கு வருபவருக்கும் தெரிவித்துவிட்டால் பாதிப் பூட்டுகள் தாமே திறக்கும்.

புத்தகம் பொதுச் சொத்து, பிள்ளைகள் கிழிப்பார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. பூட்டியதால் மட்டும் புத்தகம் பிழைத்துவிடுவதில்லை. காற்றுப் புகாத இரும்பு பீரோவுக்குள் மழைக்கால ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கிறது. ராமபாணப் பூச்சி பக்கங்களை அரிக்கிறது, தரையோரத் தட்டில் கரையான் ஏறுகிறது. அந்துருண்டை போட்டுவிட்டு மறந்தால் வாசனைதான் மிஞ்சும். வாரம் ஒருமுறை கையில் எடுத்துப் புரட்டப்படும் நூலில் இவை குடியேற நேரமில்லை.

திறப்பதற்கான வழிகள் பள்ளிகளுக்குப் புதியவை அல்ல. தொடக்கப் பள்ளிகளில் முன்பு ‘புத்தகப் பூங்கொத்து’ என்ற பெயரில் வகுப்பறையிலேயே கயிறு கட்டிப் புத்தகங்களைப் பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் தொங்கவிட்டார்கள். வகுப்புக்கு நாற்பது புத்தகம், மாதம் ஒருமுறை அடுத்த வகுப்போடு மாற்றம் என்று வைத்துக்கொண்டால் தனி அறையே தேவைப்படாது. வழங்கல் பதிவேட்டைப் பிள்ளைகளே எழுதலாம்: தேதி, நூல் எண், பெயர், கையெழுத்து, திரும்பிய தேதி என ஐந்து கட்டம். முறை வைத்து வாரம் இருவர் பொறுப்பேற்கலாம். மெல்லிய சிறு நூல்களை, சுண்ணாம்புக் கட்டியைப் போல, தீர்ந்துபோகும் பொருளாகக் கணக்கில் எழுத அனுமதிப்பது இன்னும் நல்லது. விலை உயர்ந்த குறிப்பு நூல்கள் மட்டும் இருப்புப் பதிவேட்டில் இருக்கட்டும்.

பீரோவைத் திறந்தாலும் அதில் இல்லாதவற்றுக்கு வேறு வழி தேட வேண்டும். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பிரெயில் நூல், பெரிய எழுத்து நூல், ஒலி நூல் வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின் நூலகத்தைக் கணினி உள்ள பள்ளிகள் பயன்படுத்தலாம். அருகில் கிளை நூலகம் இருந்தால் பிள்ளைகளை அங்கே உறுப்பினராக்கலாம்.

மிஞ்சியிருப்பது கோடை விடுமுறை. ஏப்ரலில் எல்லாப் புத்தகத்தையும் திரும்ப வாங்கி, எண்ணி, பூட்டி, சாவியை மேசை இழுப்பறையில் போடுவது வழக்கம். பிள்ளைகளிடம் நேரம் அதிகம் இருக்கும் மே மாதம் முழுவதும் புத்தகம் உள்ளே கிடக்கிறது. மார்ச்சிலேயே எண்ணி முடித்துவிட்டால், கடைசி வேலை நாளில் ஆளுக்கு மூன்று புத்தகம் கொடுத்தனுப்பலாம். பதிவேட்டில் ‘திரும்பிய தேதி’ என்ற கட்டத்தில் பள்ளி திறக்கும் நாளைப் பென்சிலால் குறித்துவைத்தால் போதும்.