வெள்ளையாகிப் போன வானம்

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் கார்ல்டன் வாட்கின்ஸ் 1861-இல் எடுத்த படம் ஏதாவது கிடைத்தால் நிதானமாகப் பாருங்கள். பாறையில் ஓடும் ஒவ்வொரு வெடிப்பும் தெரியும். ஊசியிலை மரங்களை ஒன்றொன்றாக எண்ணிவிடலாம். பிறகு கண்ணை மேலே கொண்டுபோங்கள். அங்கே ஒன்றுமே இல்லை. ஒரு மேகத் துணுக்குகூட இல்லாத வெறும் காகித வெள்ளை. நேரில் போய் நின்றால் அந்த மலைகளின் மேல் வானம் கண்ணைப் பறிக்கும் நீலம். படத்தில் அது எங்கே போயிற்று?

முதலில் அந்தக் கேமராவைப் பார்த்துவிடுவோம். உள்ளே வைக்கும் கண்ணாடித் தட்டு மட்டுமே 18 அங்குலத்துக்கு 22 அங்குலம். தினசரிப் பத்திரிகையின் முழுப் பக்கத்தைவிட அகலம். சின்ன நெகட்டிவை எடுத்துப் பெரிதாக அச்சிடுவது அன்று நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. நெகட்டிவ் எந்த அளவோ, படமும் அந்த அளவுதான். பெரிய மலையைப் பெரிதாகக் காட்ட ஆசைப்பட்டால், பெரிய பெட்டியையே மலைக்குத் தூக்கிப்போக வேண்டும். வாட்கின்ஸ் தூக்கிப்போனார், கோவேறு கழுதைகளின் முதுகில், கூடவே இருட்டுக் கூடாரத்தையும் ரசாயனப் போத்தல்களையும் ஏற்றிக்கொண்டு.

இருட்டுக் கூடாரம் எதற்கு? அன்றைய முறைக்கு ‘ஈரத் தட்டு’ என்று பெயர். 1851-இல் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்டது. வெடிபஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் பாகுபோன்ற ஒரு திரவம் வரும். அதுதான் கொலோடியன். அதில் அயோடைடு உப்பைச் சேர்த்து, கண்ணாடியின் நடுவில் ஊற்றி, ஒரு மூலையைப் பிடித்தபடி சாய்க்க வேண்டும். திரவம் நான்கு மூலைக்கும் ஓடி, மிச்சம் கடைசி மூலை வழியாகப் போத்தலுக்கே திரும்ப வேண்டும். கை நடுங்கினால் வரி விழும். தூசி பறந்தால் புள்ளி விழும். பிறகு வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கியெடுத்தால் தட்டுக்கு ஒளியுணர்வு வந்துவிடும். அது காய்வதற்குள், அதாவது பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள், கேமராவுக்கு ஓடி, லென்ஸ் மூடியைத் திறந்து, மூடி, மறுபடியும் கூடாரத்துக்கு ஓடி வந்து கழுவியாக வேண்டும். மலை உச்சியில், கையில் சொட்டும் கண்ணாடியோடு.

இவ்வளவு பாடுபட்டுப் பதப்படுத்திய தட்டுக்குப் பிறவியிலேயே ஒரு குறை. அதில் இருக்கும் வெள்ளி அயோடைடு ஊதாவையும் நீலத்தையும் மட்டுமே பார்க்கும். பச்சையும் சிவப்பும் அதற்கு ஏறக்குறைய இருட்டு. மரங்கள் பதிவாகட்டும் என்று லென்ஸைத் திறந்து வைத்துக் காத்திருந்தால், அதற்குள் வானத்து நீலம் தட்டில் கொட்டித் தீர்த்துவிடும். நெகட்டிவில் வானம் அட்டைக்கறுப்பு. அதை அச்சிட்டால் அப்பழுக்கில்லாத வெள்ளை. நீலம் குறைந்ததால் அல்ல, மிகுந்ததால்தான் வானம் மறைந்தது!

கடலைப் படமெடுத்தவர்களுக்கு இது இன்னும் பெரிய தலைவலி. பாதிப் படம் வானமாயிற்றே. பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1850-களில் ஒரு வழி கண்டார். கடலுக்கு ஒரு நெகட்டிவ், மேகத்துக்கு இன்னொன்று. இரண்டையும் தொடுவானக் கோட்டில் ஒட்டு தெரியாமல் சேர்த்து ஒரே தாளில் அச்சிட்டார். நல்ல மேகம் ஒன்று அமைந்தால் அதையே வேறு கடலுக்கும் போட்டுக்கொண்டார். அமெரிக்க மேற்கில் எட்வர்ட் மைபிரிட்ஜும் தன் மலைகளுக்கு வேறிடத்து மேகங்களைச் சேர்த்திருக்கிறார். இன்று உங்கள் கைபேசி, வெளிச்சம் கூட்டியும் குறைத்தும் எடுத்த படங்களைக் கண்சிமிட்டும் நேரத்தில் கலந்து தருகிறதே, அதற்கு லெ கிரேயின் இருட்டறைதான் முன்னோடி.

மேகத்தை இரவல் வாங்காமல் தட்டின் குறையையே தீர்க்க ஒரு தற்செயல் தேவைப்பட்டது. 1873-இல் பெர்லினில் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் சில தட்டுகளைச் சோதித்தபோது, அவை பச்சை ஒளிக்கும் அசைந்து கொடுத்தன. காரணம், உள்ளே ஒளி தெறிக்காமல் இருக்கத் தயாரிப்பாளர் கலந்திருந்த ஒரு சாயம். அந்தச் சாயம் பச்சை ஒளியை உறிஞ்சி, கிடைத்த ஆற்றலைப் பக்கத்திலிருந்த வெள்ளி உப்புக்குக் கைமாற்றியது. வெள்ளிக்குத் தெரியாத நிறத்தைச் சாயம் பார்த்துச் சொன்னது. பொருத்தமான சாயங்களைத் தேடித்தேடி, 1906-இல் எல்லா நிறத்தையும் உணரும் ‘அனைத்துநிறத் தட்டு’ கடைக்கு வந்தது.

இனி வானத்தை வேண்டிய அளவுக்குக் கறுக்க வைக்கலாம். 1927 ஏப்ரலில் 25 வயது ஆன்சல் ஆடம்ஸ் அதே யோசெமிட்டியில் ‘ஹாஃப் டோம்’ பாறைக்கு எதிரே ஒரு விளிம்பில் நின்றார். பள்ளத்தாக்கின் தரையிலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயர்ந்து நிற்கும் பாறை அது. கையில் மிச்சம் இரண்டே தட்டுகள். மஞ்சள் ஃபில்டர் மாட்டி ஒன்றை எடுத்தார். மனசு ஆறவில்லை, தன் நெஞ்சில் விழுந்த கம்பீரம் இதில் வராது என்று தோன்றியது. கடைசித் தட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டி, 5 விநாடி திறந்தார். சிவப்புக் கண்ணாடி நீலத்தை உள்ளேயே விடாது. வானம் ஏறக்குறைய கறுப்பாக, அதன் முன் பாறை தகதகவென்று எழுந்தது.

எனக்கு அந்தப் படத்தில் வானத்தைவிடப் பிடித்தது நிழல்கள். நிழலில் கிடக்கும் பாறைக்கும் உறைபனிக்கும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? நேர்வெயில் படாததால், வானத்து நீலம்தான் அங்கே விளக்கு. நீலத்தை அடைத்தவுடன் அந்த விளக்கும் அணைந்துவிட்டது. ஒரே ஒரு ஃபில்டர் வானத்தோடு சேர்த்து மலையின் நிழல்களையும் ஆழமாக்கிவிட்டது.

ஆனால் அதே ஃபில்டரை அங்கிருந்து தென்மேற்கே, பிக் சர் கடற்கரைக்குக் கொண்டுபோங்கள். கோடையில் அது பாதி நாள் சும்மாதான் இருக்கும். அங்கே ஆழ்கடலின் குளிர்ந்த நீர் கரையோரம் மேலேறி வருகிறது. அதன்மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமுக்கி நிற்பதால் பனி எழும்ப முடியாமல் கரையோரமே தேங்குகிறது. அங்குள்ள பிக்ஸ்பி பாலத்தின் வளைவு பாதிவரை பனியில் முழுகி, மேல்தளம் மட்டும் மிதப்பது அதனால்தான்.

சிவப்பு ஃபில்டர் இதில் தோற்பதற்குக் காரணம் அளவு. ஓர் ஒளியலையை ஒரு மீட்டர் நீளமாகப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். அப்போது காற்றின் மூலக்கூறு ஒரு ரவைத் துணுக்கு. அவ்வளவு சின்னது சிற்றலையான நீலத்தையே அதிகம் சிதறடிக்கும், சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல். வானம் நீலமானது அப்படித்தான். மூடுபனித் துளியோ அதே கணக்கில் 30 மீட்டர், பத்து மாடிக் கட்டடம். கட்டடத்துக்கு முன் நீலமென்ன, சிவப்பென்ன? எல்லா நிறமும் ஒன்றுபோலச் சிதறி, வானம் வெள்ளையாகிறது. வாட்கின்ஸின் தட்டில் பிழையாக விழுந்த வெள்ளை, இங்கே கண்ணெதிரே நிஜமாக நிற்கிறது.

பிக் சருக்கு வடக்கே பாயின்ட் லோபோஸில் எட்வர்ட் வெஸ்டன் ஆண்டுக்கணக்கில் படமெடுத்தார். அவற்றில் பலவற்றில் வானமே கிடையாது. கேமராவைக் கீழே திருப்பி, அலை அரித்த பாறை, சைப்ரஸ் வேர், கடற்பாசி என்று எடுத்துக்கொண்டே போனார். மூடுபனி சூரியனை வானம் முழுக்கப் பரத்தி விடுவதால் கடும் நிழல் விழாது. பாறையின் ஒவ்வொரு துளையும் உட்புறம்வரை தெரியும். பார்க்கின்சன் நோயால் கை தளர்ந்த நிலையில், 1948-இல் அவர் எடுத்த கடைசிப் படமும் அந்தக் கரையில்தான். கடல் அரித்த பாறைகளும் கூழாங்கற்களும், அவ்வளவுதான் அதில்.