வெளியே இரட்டையர், உள்ளே எதிரெதிர்

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலின் முதல் அலகில் மின் இருமுனையைப் படித்து முடித்தவருக்கு, காந்த இருமுனைப் பாடம் வரும்போது வேலை மிச்சம். சூத்திரங்கள் அப்படியே இருக்கும். மாறிலியை மாற்றி, மின் இருமுனைத் திருப்புத்திறன் இருந்த இடத்தில் காந்தத்தினுடையதைப் போட்டால் போதும். தூரத்தை இரட்டிப்பாக்கினால் புலம் எட்டில் ஒன்றாகும். ஒரே தொலைவில் அச்சுக் கோட்டில் உள்ள புலம் நடுவரைக் கோட்டில் உள்ளதைப் போல் இரு மடங்கு. சீரான புலத்தில் வைத்தால் இரண்டுமே நகராமல் திரும்ப மட்டும் செய்யும்.

இதெல்லாம் இருமுனையை விட்டு வெகுதூரம் தள்ளி நின்று பார்க்கும்போது. உள்ளே போனால் கதை மாறுகிறது. மின் இருமுனையின் திருப்புத்திறன் எதிர் மின்துகளிலிருந்து நேர் மின்துகளை நோக்கியது. இரண்டுக்கும் நடுவில் உள்ள மின்புலமோ அதற்கு நேர் எதிராக ஓடுகிறது. மின்னோட்டம் பாயும் வளையத்தின் நடுவில் காந்தப்புலமும் திருப்புத்திறனும் ஒரே பக்கம் பார்க்கின்றன. அங்கே புலக்கோடுகள் எங்கும் தொடங்குவதுமில்லை, முடிவதுமில்லை.

காந்தத்தை வெட்டினால் ஒவ்வொரு துண்டும் முழுக் காந்தமாகிறது என்று பெட்ருஸ் பெரெக்ரினுஸ் 1269இலேயே எழுதிவைத்தார். காந்தத்துக்குள் சுற்றுவது மின்னோட்டம்தான் என்று 1820களில் ஆம்பியர் விளக்கினார். தனி வடமுனை இருக்க இடமுண்டு என்று 1931இல் டிராக் காட்டினாலும் இன்றுவரை ஒன்றும் பிடிபடவில்லை. எனவே ‘முனைவலிமை’ என்று பாடநூல் சொல்வது கணக்குப் போட வசதியான கற்பனை. அதை வகுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

புரோட்டானும் ஒரு குட்டிக் காந்தம்தான். அதற்குள் இருப்பது முனைச் சோடியா, சுற்றும் மின்னோட்டமா? எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் ஹைட்ரஜன் சாட்சி சொல்கிறது. அதன் தாழ்ந்த ஆற்றல் நிலையில் எலக்ட்ரான் மேகம் கோள வடிவில் கருவின் மீதும் படர்ந்திருக்கிறது. புரோட்டானுக்கு வெளியே உள்ள புலத்தின் விளைவுகள் எல்லாத் திசைகளிலும் கூடிக் கழிந்து பூஜ்யமாகிவிட, மிச்சம் நிற்பது உட்புறப் புலத்தின் விளைவு மட்டுமே. எலக்ட்ரானின் காந்தத் திசை புரளும்போது வெளிவரும் ரேடியோ அலையின் நீளத்தை அதுவே முடிவுசெய்கிறது. முனைச் சோடியாக இருந்தால் அந்தப் புலம் திசை மாறி, வலிமையும் பாதியாகி, அலைநீளம் 42 சென்டிமீட்டர் ஆகியிருக்கும். 1951இல் ஹார்வர்டில் யூவனும் பர்செலும் விண்வெளி ஹைட்ரஜனிலிருந்து பிடித்த அலையின் நீளம் 21 சென்டிமீட்டர்.