பழைய பிக்கப்பின் ஹெட் கேஸ்கட்: நாமே மாற்றலாமா?

கடன் தவணை முடிந்த பழைய டீசல் பிக்கப், சிறு வணிகரின் வருவாய் முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுவரும் வண்டி. அதில் ரேடியேட்டர் நீர் காரணமின்றிக் குறைந்து, வெண்புகை எழுந்து, எஞ்சின் ஆயில் பால் கலந்த தேநீர் நிறம் கொண்டால், ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கக்கூடும். உடனே ஓட்டத்தை நிறுத்துங்கள்; நீர் கலந்த ஆயில் பேரிங்குகளைக் கெடுத்துவிடும்.

இப்பழுதில் கேஸ்கட்டின் விலையைவிடக் கழற்றிப் பூட்டும் கூலியே பெரிது. பொறுமையும், அவ்வண்டிக்குரிய பழுதுபார்ப்புக் கையேடும், டார்க் ரெஞ்சும் உள்ளவர் இதைத் தாமே செய்யலாம். எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே தொடங்குங்கள். டைமிங் குறிகளைக் குறித்துக்கொண்டு கழற்றுங்கள். ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுநோக்கித் தளர்த்த வேண்டும். பூட்டும்போது நடுவிலிருந்து ஓரம்நோக்கி, கையேடு கூறும் அளவுக்குப் படிப்படியாக முறுக்க வேண்டும்.

கழற்றிய ஹெட்டின் அடிப்பரப்பில் நேரான இரும்புச் சட்டத்தை வைத்து, ஃபீலர் கேஜால் இடைவெளியை அளந்து பாருங்கள். அது கையேட்டின் வரம்பை மீறினால், ஹெட்டைப் பட்டறையில் கொடுத்துச் சமன்செய்வதே முறை. வளைந்த ஹெட்டின் கீழ்ப் புதிய கேஸ்கட்டும் நிலைக்காது.

இறுதியாக, எஞ்சின் சூடேறிய காரணத்தைத் தேடுங்கள். அடைபட்ட ரேடியேட்டரையோ தேய்ந்த வாட்டர் பம்பையோ அப்படியே விட்டுவிட்டால், மிச்சப்படுத்திய கூலி மீண்டும் செலவாகும்.