கதவைத் திறந்தவர் வெளியேற மறுத்த கதை!

தென் அமெரிக்க நாடான பொலிவியாவின் அரசு இயங்கும் நகரம் லா பாஸ். அங்கே அதிபர் மாளிகை இருக்கும் முரில்யோ சதுக்கத்தில் பழங்குடி மக்கள் கால் வைக்கவே ஒரு காலத்தில் அனுமதி கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஓட்டுரிமையும் இல்லை. 1952-ம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகே இதெல்லாம் மாறத் தொடங்கியது.

அந்த மாளிகைக்குள் 2006 ஜனவரியில் அதிபராக நுழைந்தார் ஈவோ மொராலிஸ். அய்மாரா பழங்குடியைச் சேர்ந்தவர். சிறுவயதில் லாமா மேய்த்தவர். பிறகு கோகா இலை பயிரிடும் விவசாயிகளின் சங்கத் தலைவரானார்.

'ஏழை மக்கள் ஒருபக்கம், மேட்டுக்குடியினர் மறுபக்கம்' என்று கோடு கிழித்து அரசியல் செய்யும் தலைவர்களை 'பாப்புலிஸ்ட்' என்பார்கள். மொராலிஸ் அந்த ரகம். ஆனால், வெறும் பேச்சோடு அவர் நிற்கவில்லை. எரிவாயுத் துறையை அரசின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தார். பள்ளிக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 200 பொலிவியானோ உதவித்தொகை, முதியவர்களுக்கு ஓய்வூதியம் எனத் திட்டங்கள் வந்தன. 2009-ல் வந்த புதிய அரசியல் சட்டம், ஸ்பானிஷோடு 36 பழங்குடி மொழிகளையும் ஆட்சிமொழி ஆக்கியது. 2005-ல் மக்களில் சுமார் 38 சதவிகிதம் பேர் கடும் வறுமையில் இருந்தார்கள். 2018-ல் அது சுமார் 15 சதவிகிதமாகக் குறைந்தது.

சிக்கல் எங்கே வந்தது? அந்தப் புதிய சட்டப்படி ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைதான் அதிபராகலாம். 'முதல் ஆட்சி பழைய சட்டத்தின் கீழ் நடந்தது, அது கணக்கில் வராது' என்று விளக்கம் சொல்லி மூன்றாவது முறையும் ஜெயித்தார் மொராலிஸ். நான்காவது முறைக்கு 2016-ல் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார். 51 சதவிகிதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். ஆனால் 2017-ல் அரசியல் சாசன நீதிமன்றம், 'மீண்டும் போட்டியிடுவது அவருடைய மனித உரிமை' என்று வழிவிட்டது. மக்களின் பெயரால் ஆண்டவர், மக்கள் சொன்ன பதிலையே ஒதுக்கிவிட்டார்.

2019 தேர்தலில் முறைகேடு நடந்ததாகப் போராட்டம் வெடித்தது. ராணுவத் தளபதியும் பதவி விலகச் சொல்ல, மொராலிஸ் விலகி மெக்சிகோ போய்ச் சேர்ந்தார். அதன்பின் வந்த இடைக்கால ஆட்சியில், சகாபா, சென்காட்டா ஆகிய இடங்களில் போராடியவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பழங்குடி மக்களே!

அடுத்த ஆண்டு மறுதேர்தல் நடந்தது. மொராலிஸ் போட்டியிடவில்லை. அவருடைய கட்சியின் வேட்பாளர் லூயிஸ் ஆர்சே 55 சதவிகித வாக்குகளோடு ஜெயித்தார். 2016-லேயே மொராலிஸ் இன்னொருவருக்கு வழிவிட்டிருக்கலாம். கொள்கையும் பிழைத்திருக்கும், உயிர்களும் பிழைத்திருக்கும்.