மேடு ஏற ஒரு கியர்!

குட்டீஸ், காரின் வரலாற்றில் உங்கள் வயதுப் பையன்கள் இருவருக்கும் பங்கு உண்டு. தெரியுமா?

1888-ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். காரை உருவாக்கிய கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமலேயே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கூடவே மகன்கள் ஆய்கன் (வயது 15), ரிச்சர்டு (வயது 13). ஜெர்மனியின் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் உள்ள பாட்டி வீட்டுக்குப் பயணம். தூரம் சுமார் 100 கி.மீ.

சமதரையில் கார் ஜோராக ஓடியது. செங்குத்தான மேடு வந்தால் திணறியது. பையன்கள் இறங்கித் தள்ளினார்கள்! ஊர் திரும்பியதும், மேடு ஏற இன்னொரு கியர் தேவை என்று பெர்த்தா கணவரிடம் சொன்னார். அவரும் அதைச் சேர்த்தார்.

கியர் என்ன செய்யும்?

10 பற்கள் உள்ள சின்னச் சக்கரம், 40 பற்கள் உள்ள பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். சின்னது நான்கு முறை சுற்றினால்தான் பெரியது ஒரு முறை சுற்றும். வேகம் கால் பங்காகிவிட்டது. ஆனால், சுற்றும் விசை ஏறக்குறைய நான்கு மடங்கு! வேகத்தைக் கொடுத்து விசையை வாங்கும் பண்டமாற்று இது. மேடு ஏற விசை வேண்டும். நேர்ச் சாலையில் ஓட வேகம் வேண்டும். அதற்குத்தான் பல கியர்கள்.

கையால் மாற்றுவது

டிரைவர் இடது காலால் கிளட்சை மிதிக்கிறார். என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் உள்ள தொடர்பு விடுபடுகிறது. அந்த நேரத்தில் கியரை மாற்றுகிறார். நிற்கும் வண்டியைக் கிளப்ப முதல் கியர். வேகமாக ஓட டாப் கியர். இதே வேலையைச் சில கார்களில் கம்ப்யூட்டர் செய்கிறது. அதற்கு 'ஏ.எம்.டி.' என்று பெயர்.

தானே மாறுவது

ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் பெடல் கிடையாது. ஓடும் மின்விசிறிக்கு எதிரே இன்னொரு விசிறியை வைத்தால், காற்று பட்டு அதுவும் சுற்றும் அல்லவா? இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். உள்ளே நடுவில் 'சூரிய' சக்கரம். அதைச் சுற்றிக் 'கோள்' சக்கரங்கள். வெளியே ஒரு வளையம். இவற்றில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து வேகமும் விசையும் மாறும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939-இல் இப்படித் தானே மாறும் கியரை அறிமுகப்படுத்தியது.

பெல்ட்டில் ஓடுவது

கியர் இல்லாத ஸ்கூட்டர் என்கிறோமே, அதில் இரண்டு கப்பிகளும் ஒரு பெல்ட்டும் இருக்கும். ஒவ்வொரு கப்பியும் இரண்டு பாதிகளால் ஆனது. வேகம் கூடக் கூட முன் கப்பியின் பாதிகள் நெருங்கி, பெல்ட்டை விளிம்பை நோக்கித் தள்ளும். பின் கப்பியில் பெல்ட் உள்ளே இறங்கும். முதல் கியர், இரண்டாம் கியர் என்ற படிகள் இல்லை. மாற்றம் வழுக்கிக்கொண்டு நடக்கும். இதுதான் 'சி.வி.டி.'

மின்சாரக் கார்

மின்மோட்டார் கிளம்பும்போதே முழு விசையைத் தந்துவிடும். அதனால் பெரும்பாலான மின்சாரக் கார்களுக்கு ஒரே ஒரு கியர் போதும்.

சரி, ஒரு கேள்வி. நிறையப் பேர் ஏறிய பஸ் மேம்பாலத்தில் ஏறும்போது, டிரைவர் கியரைக் குறைக்கிறார். ஏன்? பக்கத்தில் இருக்கும் நண்பனுக்கு இப்போது நீங்களே விளக்கலாமே!