சல்யூட் அடிக்காத கை!

உங்களுக்குத் தெரியுமா?

● பச்சை குத்தியவர்களுக்கு ராணுவத்தில் இடமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இடம் உண்டு. முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை முன்கையின் உட்புறத்திலோ, புறங்கையிலோ நிரந்தரப் பச்சை இருந்தால் இந்திய ராணுவம் ஏற்றுக்கொள்கிறது. கழுத்து, மார்பு, முதுகு என்றால் சிக்கல்தான். ‘சட்டை போட்டால் தெரியாதே’ என்ற சமாதானம் எடுபடாது.

● சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்ற மத்தியப் படைகளில் முன்கை என்றால் இடது முன்கை மட்டும்தான். வலக்கை சல்யூட் அடிக்கும் கை. அதன் முன்கை வெறுமையாக இருக்க வேண்டும். ராணுவத்துக்குப் பொருந்தும் அதே பச்சை, இங்கே வலது முன்கையில் இருந்தால் வேலைக்கே வினை!

● இந்தப் படைகளில் அளவுக்கும் கணக்கு உண்டு. கையின் அந்தப் பகுதியில் கால் பங்குக்கும் குறைவாகவே பச்சை இருக்க வேண்டும். பெயர், மதச் சின்னம், தெய்வ உருவம் ஆகியவற்றுக்குத் தடையில்லை.

● பழங்குடியினருக்கு விதிவிலக்கு இருக்கிறது. அரசு அறிவித்த பழங்குடிச் சமூகத்தவர், தங்கள் குல வழக்கப்படி முகத்திலோ உடலிலோ பச்சை குத்தியிருந்தால், ராணுவம் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசீலிக்கிறது. நாகாலாந்தின் கொன்யாக் நாகர்களிடம் முகத்தில் குத்தும் வழக்கம் இருந்தது. நம் நீலகிரியின் தோடர் பெண்களும் பச்சை குத்திக்கொண்டவர்களே.

● வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லி நிறக்குருடு சோதிப்பார்களே, அந்த அட்டைகள் பிறந்ததே ராணுவத்துக்காகத்தான்! ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா, படையில் சேர வருபவர்களைச் சோதிப்பதற்காக உருவாக்கி 1917-இல் வெளியிட்டார். முதலில் அவற்றில் இருந்தவை ஜப்பானிய எழுத்துகள்.

● கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் செய்துகொண்டு மத்தியப் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வுக்குப் போனால் பயனில்லை. அறுவை சிகிச்சையால் சரிசெய்த பார்வையை அங்கே ஏற்பதில்லை. ஒரு கண்ணில் 6/6, மற்றதில் 6/9 என இயல்பாகவே தெரிய வேண்டும். விமானப் படையின் அதிகாரிப் பணிகள் சிலவற்றில் லேசிக்குக்கு அனுமதி உண்டு. ஆனால் 20 வயதுக்கு முன் செய்திருக்கக் கூடாது, செய்து 12 மாதங்களாவது கடந்திருக்க வேண்டும்.

● தட்டைப் பாதம் எல்லாமே தள்ளுபடி அல்ல. நுனிக்காலில் நிற்கும்போது பாதத்தில் வளைவு தெரிந்து, நுனிக்காலிலேயே துள்ளவும் ஓடவும் முடிந்தால் தேறலாம். எப்படி நின்றாலும் வளையாத விறைப்பான பாதம்தான் தகுதியிழக்கும்.

● உயரம் எல்லோருக்கும் ஒன்றல்ல. அக்னிவீர் பொதுப் பணிக்குத் தமிழகத்து இளைஞர் 166 செ.மீ. இருக்க வேண்டும், கூர்க்காக்களுக்கு 157 போதும். ஆனால் மூச்சை இழுத்தால் மார்பு குறைந்தது 5 செ.மீ. விரிய வேண்டும் என்பதில் சலுகை கிடையாது.

● ஓட்டத்திலும் எழுத்துத் தேர்விலும் ஜெயித்தவரைக் காதழுக்கு நிறுத்திவிடும்! அழுக்கு அடைத்திருந்தால் செவிப்பறையைப் பார்க்க முடியாது. அதனால்தான் காதைச் சுத்தம் செய்துவிட்டு வரும்படி முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். குச்சி போட்டுக் குடையாமல் டாக்டரிடம் போவது நல்லது.

● மெடிக்கலில் ‘அன்ஃபிட்’ என்றதும் மூட்டை கட்ட வேண்டாம். ‘டி.ஆர்.’ என்றால் தற்காலிக நிராகரிப்பு. சரிசெய்துகொண்டு மீண்டும் பரிசோதனைக்குப் போகலாம். ‘பி.ஆர்.’ என்று நிரந்தரமாக நிராகரித்தாலும் மேல்முறையீட்டுக்கு வழியுண்டு. கெடு தேதியை மட்டும் தவறவிடக் கூடாது.

● படைக்குப் படை விதி மாறும். ஆண்டுக்கு ஆண்டு திருத்தமும் வரும். சேர விரும்பும் படையின் புதிய அறிவிக்கையை முதலில் படியுங்கள். டாட்டூ கடையும் கண் ஆஸ்பத்திரியும் அதற்குப் பிறகு.