இசைக்கோடுகள் நூலேறும் வகை

வெனிஸ் நகரில் 1501-ஆம் ஆண்டில் ஒட்டாவியானோ பெட்ரூச்சி என்பவர் பாடல் தொகுதி ஒன்றை வெளியிட்டார். பல குரலிசையைக் கோத்தெடுக்கும் அச்சுக்களால் பதித்த முதல் நூல் அதுவே. கோடுகளை ஒரு முறையும் சுரக்குறிகளை மற்றொரு முறையுமாக, ஒரே தாளை அவர் பன்முறை அச்சிலேற்றினார். தாள் சிறிது நகர்ந்தாலும் குறி வேறு கோட்டில் வீழ்ந்துவிடும். மேனாட்டு இசையெழுத்தில் குறி நிற்கும் உயரமே சுரத்தைக் காட்டுவது அன்றோ!

இன்று லில்லிபாண்ட், மியூஸ்ஸ்கோர் முதலிய மென்பொருள்கள் கோடும் குறியும் பிசகாமல் அமைத்துத் தருகின்றன. ஆனால் இசைப் பாடநூலில் உரைநடையே மிகுதி. இடையிடையே சில இசைவரிகள் வரும். அந்நூலின் பக்கங்களை இன்டிசைன், ஸ்கிரைபஸ் போன்ற வேறு மென்பொருளில் அமைப்பர். ஓரிடத்தில் எழுதிய இசையை மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லும்போது பெட்ரூச்சியின் தொல்லை வேறு உருவில் திரும்பி வருகிறது.

திரையில் தெரிவதைப் படமாகப் பிடித்துப் பக்கத்தில் ஒட்டுவது பலரும் செய்யும் பிழை. லில்லிபாண்ட் வழக்கமாக அமைக்கும் ஐந்து கோடுகளின் மொத்த உயரம் 20 பாயிண்டு, அதாவது ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். ஒரு கோட்டின் தடிப்போ அரைப் பாயிண்டு. ஓர் அங்குலத்தில் 144-இல் ஒரு பங்கு. அங்குலத்திற்கு 96 புள்ளிகள் கொண்ட படத்தில் அக்கோட்டிற்கு ஒரு முழுப் புள்ளிகூடக் கிடைப்பதில்லை. ஆதலால் ஒரு கோடு தடிக்கும், மற்றொன்று மங்கும். குறியின் வலப்புறத்துச் சிறு புள்ளி மறைந்தால், ஒன்றரைப் பங்கு நீள வேண்டிய சுரம் ஒரு பங்கோடு நின்றுவிடும். வாசிப்பவர் தாளை ஒரு முழத்திற்கு அப்பால் வைத்துக்கொண்டு, நின்று யோசிக்க நேரமின்றிப் படிப்பவர் என்பதை மறத்தலாகாது.

ஆகவே இசையைப் பி.டி.எஃப். கோப்பாக ஏற்றுமதி செய்தலே நன்று. அதில் இருப்பவை புள்ளிகள் அல்ல. இவ்விடத்திலிருந்து அவ்விடம்வரை இன்ன தடிப்பில் கோடிடுக என்னும் கட்டளைகள். அச்சுப்பொறி தன் முழு நுண்மையோடு அவற்றை நிறைவேற்றும். இசைக்குறிகளின் எழுத்துருவும் அக்கோப்பிலேயே பொதிந்திருத்தல் வேண்டும். இல்லையேல் சுரங்கள் நிற்குமிடத்தில் ஆங்கில எழுத்துகள் வந்து நிற்கும்; வேடிக்கைதான், ஆனால் நூலாசிரியருக்கு அன்று.

அளவையும் முன்னரே முடிவு செய்க. நூலின் பத்தி அகலத்தை இசை மென்பொருளிலேயே கொடுத்துவிட்டால், பக்கத்தில் வைத்தபின் சுருக்க வேண்டுவதில்லை. சுருக்கினால் கோடுகளும் உடன் மெலியும். லில்லிபாண்டு தன் குறிகளை எட்டு அளவுகளில் தனித்தனியே வரைந்து வைத்திருப்பதும், சிறியவற்றைச் சற்றுத் தடிப்பாக வரைந்திருப்பதும் இக்காரணம் பற்றியே. பழைய அச்செழுத்து வெட்டுவோர் கையாண்ட முறை அது.

இன்னொன்று. பக்க மென்பொருள் பெரும்பாலும் இசைக்கோப்பை விழுங்கிக்கொள்வதில்லை. அது இருக்குமிடத்தை மட்டும் குறித்துக்கொள்கிறது. ஒரு சுரத்தைத் திருத்தினால் அதே பெயரில், அதே இடத்தில் சேமித்து, பக்கத்திலும் புதுப்பித்தல் வேண்டும். வேறு பெயரில் சேமித்தால், திருத்தியாயிற்று என்று ஆசிரியர் மகிழ்ந்திருக்க, பழைய பிழையே அச்சேறும்.